நுங்கு வண்டியா, பலூன் காரா, மோட்டார் காரா? வீட்டுப் பொருளில் பொம்மை வண்டி செய்ய எதைத் தேர்ந்தெடுப்பது

கோடை விடுமுறை தொடங்கியதும் பெற்றோரிடமிருந்து வரும் கேள்வி இது: "பையன் வீட்டிலேயே கார் செய்யணும்னு நிற்கிறான். வீடியோவில் பத்து விதமாகக் காட்டுகிறார்கள். எதை ஆரம்பிப்பது?" அறிவியல் கண்காட்சி நெருங்கும்போது இதே கேள்வி கொஞ்சம் பதற்றத்தோடு வரும். வீடியோவில் எல்லா வண்டியும் முதல் தள்ளிலேயே ஓடிவிடுகிறது. வீட்டில் செய்தால் அச்சு கோணிக்கொள்கிறது, சக்கரம் சிக்குகிறது, பிள்ளை அழுகிறது. ஆகவே செய்முறையைவிட முதலில் தேவைப்படுவது, நம் வீட்டுக்கு எது ஒத்துவரும் என்ற கணக்கு.

ஐந்து வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன்: சின்னப் பிள்ளைகளுக்கான அட்டை இழுவண்டி, நுங்கு வண்டி, பலூன் கார், ரப்பர் பேண்ட் கார், மோட்டார் கார்.

## எதை வைத்து எடைபோடுவது

பணத்தை நான் பெரிய விஷயமாக எடுக்கவில்லை. மோட்டார் காரைத் தவிர மற்றதெல்லாம் பழைய அட்டைப்பெட்டி, பாட்டில் மூடி, அறுந்த செருப்பு என்று வீட்டில் கிடப்பதிலேயே முடிந்துவிடும். நான் பார்ப்பது வேறு நான்கு.

பிள்ளையின் கை எவ்வளவு வேலை செய்யும்? அப்பா செய்து பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வண்டிக்கு வீட்டில் ஆயுள் குறைவு. தானே வெட்டி ஒட்டியது கோணலாக இருந்தாலும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள்.

உடைந்தால் யார் சரிசெய்வது? உடையும் என்பது நிச்சயம். பிள்ளையே சரிசெய்யக்கூடிய உடைப்பா, நீங்கள் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டிய உடைப்பா என்பதுதான் கேள்வி.

எங்கே ஓட்டுவது? டைல்ஸ் தரை, மொட்டை மாடி, மண் தெரு மூன்றும் வேறு வேறு உலகம். ஒன்றில் பறப்பது இன்னொன்றில் நகராது.

இரண்டாம் நாள் என்ன ஆகும்? மறைவான செலவு இங்கேதான் இருக்கிறது. மறுபடி ஓட மூச்சு வேண்டுமா, புதுப் பலூன் வேண்டுமா, பேட்டரி வேண்டுமா?

வயது விஷயத்தில் மட்டும் பேரம் கிடையாது. 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மையில் சிறு பாகங்கள் இருக்கிறதா என்று சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கலாம். தண்ணீர் பாட்டிலின் மூடி ஏறக்குறைய 30 மி.மீ. தான். நாம் எல்லோரும் சக்கரமாக எடுக்கும் அந்த மூடி கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

| வண்டி | வயது | ஓடும் இடம் | வேலையில் பிள்ளையின் பங்கு | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| அட்டை இழுவண்டி | 2 முதல் 4 | எங்கும் | ஒட்டுவது, வண்ணம் தீட்டுவது | பெரியவரின் நேரம் |
| நுங்கு வண்டி | 4 முதல் | தெரு, மாடி, மண் | கிட்டத்தட்ட முழுதும் | பருவத்தில் மட்டும். சில நாளில் காய்ந்துவிடும் |
| பலூன் கார் | 8 முதல் | வழவழப்பான தரை | பாதிக்கு மேல் | பலூன் தீர்ந்துகொண்டே இருக்கும் |
| ரப்பர் பேண்ட் கார் | 8 முதல் | டைல்ஸ், சிமெண்ட் | பெரும்பகுதி | முதல் நாள் பொறுமை |
| மோட்டார் கார் | 10 முதல் | டைல்ஸ், சிமெண்ட் | பாதி | செல் வாங்கும் செலவு, பழுது |

## அச்சைப் பற்றி ஒரு வார்த்தை

நுங்கு வண்டி நீங்கலாக, மற்ற எல்லாம் ஓடுவதும் ஓடாததும் அச்சில் இருக்கிறது. சக்கரம் அச்சுக்குச்சியோடு இறுக்கமாக இருக்க வேண்டும். குச்சி ஒரு குழாய்க்குள் தளர்வாகச் சுற்ற வேண்டும். இதற்கு எல்லா வீடியோவும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவைக் காட்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலும், நாடு முழுக்க 2022 ஜூலையிலும் அதைத் தடை செய்துவிட்டார்கள். கடையில் கிடைக்கும் காகித ஸ்ட்ராவே போதும். பசை தடவினால் ஊறி நசுங்கிவிடும் என்பதால் டேப் போட்டு ஒட்டுங்கள். அதைவிட நல்லது, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவின் வெளிக்கூடு. துண்டு போட்டால் இரண்டு அச்சுக்கும் ஆகும்.

குச்சிக்கு, பனீர் டிக்கா குத்தும் மூங்கில் குச்சி உத்தமம். துடைப்பத்து ஈர்க்கும் ஆகும், ஆனால் ஈர்க்கு நுனிக்குப் போகப் போக மெலியும். அடிப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே உறுதியான அச்சு வேண்டுமென்றால் சைக்கிள் கடையில் பழைய ஸ்போக்ஸ் கம்பி கேளுங்கள். 2 மி.மீ. தடிமன், வளையாது.

சோதனை எளிது. வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை விரலால் சுண்டுங்கள். நாலைந்து சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும். பிறகு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஸ்கேல் வைத்து அளங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் வண்டி நேரே போகாது, வட்டமடிக்கும்.

## அட்டை இழுவண்டி

இதில் யோசிக்க அதிகம் இல்லை. செருப்புப் பெட்டியோ பால்பவுடர் பெட்டியோ உடம்பு. ஹார்லிக்ஸ், ஊறுகாய் பாட்டில்களின் அகல மூடிகள் சக்கரம். முன்னால் கயிறு. கயிறு குட்டையாக இருக்கட்டும், நுனியில் வளையம் போடாதீர்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வயது அது. கோந்து காய்ந்ததும் பெட்டிக்குள் கரடி பொம்மையோ தம்பியின் சட்டையோ ஏறி ஊர்வலம் போகும். கைக்குழந்தையும் பெரிய பிள்ளையும் உள்ள வீட்டில், பெரியதுக்குத் தனி வண்டி செய்யும்போதே சின்னதுக்கு இதைச் செய்து கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

## நுங்கு வண்டி

ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் கேள்வியே வேண்டாம், இதைச் செய்யுங்கள். கோந்து, டேப், கத்திரி எதுவும் வேண்டாம். தின்ற நுங்கின் கூந்தல் (சுளை எடுத்த பிறகு மிஞ்சும் வெறுங்காய்) இரண்டு, இருமுனையும் சீவிய குச்சி ஒன்று, கவட்டைக் குச்சி ஒன்று. குச்சியின் இரு முனையிலும் ஒவ்வொரு கூந்தலை முதுகுப்பக்கமாக நடுவில் குத்தினால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. கவட்டையை அச்சின்மேல் கவிழ்த்து வைத்துத் தள்ள வேண்டியதுதான். கவட்டைக் குச்சியின் நீளம் பிள்ளையின் இடுப்புக்கு மேல் வந்தால் குனியாமல் ஓடலாம்.

நகரத்தில் ஒரு சிக்கல் உண்டு. சாலையோரம் நுங்கு விற்பவர்கள் காயை அரிவாளால் பிளந்து மூன்று சுளையையும் பெயர்த்துப் பையில் போட்டுத் தருவார்கள். பிளந்த காய் சக்கரத்துக்கு ஆகாது. "ரெண்டு காய் முழுசா, தலையை மட்டும் சீவிக் கொடுங்க" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரே அளவாகப் பார்த்து எடுங்கள். ஒன்று பெரிது ஒன்று சிறிதென்றால் வண்டி ஒரு பக்கமே இழுக்கும். சுளையைக் கட்டைவிரலால் தோண்டித் தின்னும் வேலையைப் பிள்ளையிடமே விடலாம், சட்டையைப் பற்றிக் கவலைப்படாதவராக இருந்தால்.

எடை இருப்பதால் மண்ணிலும் கல்லிலும் குதித்துக்கொண்டு ஓடும். பலூன் கார், ரப்பர் பேண்ட் கார், மோட்டார் கார் மூன்றும் தெருவில் இறங்கினால் அழுதுவிடும். இதற்கு வீட்டுக்குள் இடமில்லை. அதுவே குறையும்கூட. வண்டி நடமாட்டம் இல்லாத தெருவோ கைப்பிடிச் சுவர் உள்ள மாடியோ இல்லாத அபார்ட்மெண்டில் இதைச் செய்து கொடுத்தால், கீழ்வீட்டுக்காரரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சில நாளில் கூந்தல் காய்ந்து சுருங்கி, துளை தளர்ந்து, சக்கரம் ஆட ஆரம்பிக்கும். ஈயும் மொய்க்கும். அப்போது தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த ஜோடிக்கு நுங்கு வாங்குவதைச் செலவு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

## பலூன் கார்

அரை லிட்டர் பாட்டில், நான்கு மூடி, இரண்டு குச்சி, ஒரு பலூன். பலூனின் வாயை ஒரு குழாயில் மாட்டி, ரப்பர் பேண்டால் இறுகச் சுற்றி, குழாய் பின்பக்கம் பார்க்கும்படி பாட்டிலின் முதுகில் ஒட்டினால் முடிந்தது. காற்று பின்னால் பீறிட, வண்டி முன்னால் போகும். நியூட்டனின் மூன்றாம் விதியைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. பாடப்புத்தகம் படிக்கும் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

சோதனை செய்து பார்க்கவும் நல்ல வண்டி. அகலக் குழாய் வைத்தால் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து காற்று தீர்ந்துவிடும். ஒடுங்கிய குழாய் வைத்தால் மெதுவாக, நெடுநேரம் தள்ளும். எது அதிக தூரம் போகிறது என்று பிள்ளையே அளந்து பார்க்கலாம். குழாய் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் வண்டி திரும்பிவிடும், அதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஓட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இவ்வளவு லேசான வண்டியைப் பேன் காற்றே திசை திருப்பும்.

இனி குறைகள். ஒரு தடவை ஊதினால் சில மீட்டர், அவ்வளவுதான். மறுபடி ஊத வேண்டும், பத்தாவது தடவைக்குப் பிறகு ஊதுவது நீங்களாக இருப்பீர்கள். நாலு பிள்ளைகள் ஒரே குழாயில் வாய் வைத்து ஊதுவார்கள். சளிக்காலத்தில் ஒரு சின்ன பலூன் பம்ப் வாங்கிவிடுவது மேல். பலூன் தளர்ந்து கிழியும், வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம். கிழிந்த பலூன் துண்டுதான் இதில் உண்மையான ஆபத்து. அது தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம். ஊதாத பலூனும் உடைந்த துண்டும் 8 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூச்சடைப்பு உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கையைப் பலூன் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டம். அட்டவணையில் 8 என்று போட்டதற்குக் காரணம் அதுதான்.

பிறந்தநாள் வீட்டுக்கோ, ஒரே சாயங்காலத்தில் பத்துப் பிள்ளைகளை ஒரு வேலையில் உட்கார வைக்கவோ வேண்டுமென்றால் பலூன் காரை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒரு மாதம் விளையாட வேண்டும் என்றால் இது வேண்டாம்.

## ரப்பர் பேண்ட் கார்

கையில் ஒரு முழு விடுமுறை இருந்தால் என் தேர்வு இதுதான். செலவில்லை, செல் வேண்டாம், ஊத வேண்டாம். முறுக்கினால் ஓடும். கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்று கண்ணுக்கே தெரியும்.

வேலை செய்யும் விதம் இது. ரப்பர் பேண்டின் ஒரு முனை வண்டியின் முன்பக்கம் கட்டப்பட்டிருக்கும். மறுமுனை பின் அச்சில் உள்ள சின்னக் கொக்கியில் மாட்டும். பின்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால் ரப்பர் இழுபட்டு அச்சில் சுருளும். விட்டால் பிரிந்துகொண்டே சக்கரத்தை உருட்டும்.

இதில் முக்கால்வாசிப் பேர் தடுக்கும் இடம் ஒன்று உண்டு. ரப்பரைப் பின் அச்சில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவார்கள். வண்டி கிளம்பும், ரப்பர் முழுக்கப் பிரியும், ஆனால் உருண்டுகொண்டிருக்கும் அச்சு அதை எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பிக்கும். உடனே பிரேக் போட்டதுபோல் வண்டி நிற்கும், சமயத்தில் பின்னாலும் வரும். அதனால் கட்டக் கூடாது, மாட்டத்தான் வேண்டும். தீக்குச்சியில் ஒரு சிறு துண்டை அச்சின் நடுவில் குறுக்காக வைத்து, நூலால் சுற்றி, ஃபெவிகால் தடவி ஒரு ராத்திரி காய விடுங்கள். அதுதான் கொக்கி. ரப்பர் முழுக்கப் பிரிந்ததும் அதிலிருந்து நழுவி விழும், வண்டி தன் வேகத்திலேயே இன்னும் கொஞ்ச தூரம் உருளும்.

அட்டையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பார்சல் பெட்டி அட்டையின் ஓரத்தைப் பார்த்தால் உள்ளே நெளி நெளியாக வரிகள் தெரியும். அந்த வரிகள் வண்டியின் நீளவாக்கில், முன்னிருந்து பின்னாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ரப்பரை முறுக்கியதும் அட்டை நடுவில் மடிந்து, வண்டி நமஸ்காரம் செய்யும். இரண்டு அட்டையை ஒட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

சக்கரத்துக்கு இரண்டு வழி. வீட்டில் பழைய சிடி கிடந்தால் அதை எடுங்கள். விட்டம் 12 செ.மீ., அதாவது ஒரு சுற்றுக்கு 37 செ.மீ.க்கு மேல் போகும். பாட்டில் மூடி ஒரு சுற்றுக்கு 9 செ.மீ.தான். அதே முறுக்குக்கு நாலு மடங்கு தூரம். ஆனால் சக்கரம் பெரிதாகப் பெரிதாகத் தரையைத் தள்ளும் விசை குறையும், அதனால் மெலிந்த ரப்பர் பேண்டால் சிடி வண்டியைக் கிளப்ப முடியாது. அச்சுக்குழாய் துளி பிடித்தாலும் நின்றுவிடும். சிடியின் நடுத்துளை 15 மி.மீ.; அதை மூட இருபுறமும் அட்டை வட்டம் ஒட்டி, நடுவில் குச்சிக்குத் துளை போடுங்கள். நடு எது என்று கண்டுபிடிக்க, அந்த அளவுக்கு ஒரு காகித வட்டம் வெட்டி இரண்டு முறை மடியுங்கள். மடிப்புகள் வெட்டும் புள்ளிதான் நடு. சிடியின் ஓரத்தில் பழைய பலூனின் வளையத்தையோ ரப்பர் பேண்டையோ மாட்டாவிட்டால் டைல்ஸில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று வழுக்கும்.

இரண்டாவது வழி அறுந்த ஹவாய் செருப்பு. சொல்லப்போனால் இதுதான் எனக்குப் பிடித்தது. தடித்த ரப்பர், தரையைப் பிடிக்கும், உடையாது. மருந்து பாட்டில் மூடியை வைத்து வட்டம் வரைந்து, பிளேடைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வெட்டுங்கள். காய்ந்த பிளேடு ரப்பரில் சிக்கிக்கொள்ளும். வெட்டும் வேலை பெரியவருடையது. ஓரம் பிசிறாக இருந்தால் அம்மியிலோ சிமெண்ட் படியிலோ உருட்டித் தேய்த்தால் வட்டமாகிவிடும், இதைப் பிள்ளை ஆசையாகச் செய்யும்.

மறைவான செலவு பொறுமை மட்டும். முதல் நாள் ஓடாமல் போக வாய்ப்பு அதிகம். அச்சு இறுக்கம், கொக்கி, வழுக்கல் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். சட்டென்று பலன் வேண்டும் என்று நிற்கும் பிள்ளைக்கு இதை முதல் வண்டியாகக் கொடுக்க வேண்டாம். கண்காட்சிக்கு மூன்று நாள்தான் இருக்கிறது என்றாலும் வேண்டாம். ஒரு வாரம் இருந்தால் இதுதான், ஏனென்றால் நடுவர் "எப்படி ஓடுகிறது?" என்று கேட்டால் பிள்ளை முறுக்கிக் காட்டியே பதில் சொல்லும்.

## மோட்டார் கார்

உடைந்த பொம்மைக்குள் இருக்கும் சின்ன மோட்டார், இரண்டு பென்சில் டார்ச் செல், கொஞ்சம் ஒயர். ஸ்விட்சைப் போட்டதும் ஓடும் ஒரே வண்டி இதுதான் என்பதால் பிள்ளைகள் கேட்பதும் இதைத்தான்.

ஆனால் மோட்டாரை நேரே சக்கரத்தில் மாட்டினால் வண்டி நகராது. அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும், இழுக்கும் பலம் இருக்காது. வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்ட வேண்டும். மோட்டாரின் தண்டு 2 மி.மீ. தடிமன்; பின் அச்சில் 30 மி.மீ. மூடியைக் கப்பியாக மாட்டி இரண்டையும் ரப்பர் பேண்டால் இணைத்தால் வேகம் ஏறக்குறைய 15 மடங்கு குறைந்து, சக்கரத்தைத் திருப்பும் பலம் கூடும். இந்த வம்பு வேண்டாமென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் மஞ்சள் நிறத்தில் பிஓ மோட்டார் என்று கேளுங்கள். உள்ளேயே பற்சக்கரம் உண்டு. வீட்டுப் பொருளில் செய்தது என்ற பெருமை அந்த இடத்தில் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுத்தருவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டு 2018இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தா, சேஃப்டி பின், காந்தம், கம்பிச்சுருள், ஒரு செல் இவற்றாலேயே மோட்டார் செய்து காட்டுவார். மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று புரிய அதைவிட நல்லது இல்லை. ஆனால் அது தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும், வண்டியை இழுக்காது. அதை வைத்துக் கார் செய்யலாம் என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

செலவு செல்லில். மோட்டார் கரண்ட்டை உறிஞ்சும். மலிவான சாதா செல் சீக்கிரம் தளர்ந்துவிடும். பிறகு டிவி ரிமோட்டில் செல் காணாமல் போகும். சார்ஜ் ஏற்றும் செல் 1.2 வோல்ட்தான், வண்டி கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனாலும் விடுமுறை முழுக்க விளையாடுவதாக இருந்தால் அதுவே லாபம். 9 வோல்ட் சதுர பேட்டரி வேகமாக ஓட்டும் என்று நினைத்து வாங்காதீர்கள். அதில் சேமிப்பு குறைவு, 3 வோல்ட் மோட்டாரும் சூடாகிக் கருகும். பழைய செல்போன் பேட்டரியைப் பிரித்து எடுப்பது வேண்டவே வேண்டாம். குத்துப்பட்டாலோ இரு முனையும் தொட்டுக்கொண்டாலோ தீப்பிடிக்கும். பட்டன் செல்லும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஆகாது, விழுங்கினால் உள்ளே புண்ணாக்கிவிடும்.

பழுது பெரும்பாலும் ஒயர் இணைப்பில் வரும். முறுக்கி டேப் ஒட்டிய இணைப்பு ரெண்டு மோதலில் கழன்றுவிடும், எங்கே கழன்றது என்பதும் வெளியே தெரியாது. சால்டரிங் தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ பக்கத்தில் இருந்தால் மோட்டார் கார் நல்ல தேர்வு. இல்லாவிட்டால் 10 வயதுப் பிள்ளைக்கு இது மூன்றாவது வண்டியாக வரட்டும்.

## இரண்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டால்

பலூனா ரப்பரா, ரப்பரா மோட்டாரா என்று முடிவுக்கு வர முடியவில்லையென்றால், ஒரே உடம்பைச் செய்துவிட்டு ஓட்டும் சக்தியை மட்டும் மாற்றலாம். அதற்கு இரண்டு விஷயம் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். உடம்பு பாட்டிலாக இல்லாமல் அட்டையாக இருக்கட்டும். பின் அச்சுக்குழாயை ஒரே நீளக் குழாயாக ஒட்டாமல், நடுவில் மூன்று விரல் இடைவெளி விட்டு இரண்டு துண்டாக ஒட்டுங்கள். அட்டையிலும் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். முதல் வாரம் மேலே பலூன் குழாயை டேப் போட்டு ஒட்டி ஓட்டலாம். அடுத்த வாரம் அந்த இடைவெளியில் தீக்குச்சிக் கொக்கி வைத்து ரப்பர் பேண்ட் மாட்டலாம். கொக்கியைக் கழற்றிவிட்டு அங்கேயே ஒரு மூடியைக் கப்பியாகச் செருகினால் மோட்டாருக்கும் ஆகும், மூடியை இரண்டாகப் பிளந்து அச்சைச் சுற்றி ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். செல் இரண்டையும் பின் அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். பாரம் அங்கே இருந்தால் பின்சக்கரம் வழுக்காது.